திருகோணமலையில் ஒப்பனை, சிகை அலங்காரத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் மணப்பெண் வெளிக்கிடுத்தும் வேலையை நான் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. பயிற்சி முடித்த பிள்ளைகள் பலர் வீட்டுக்கு வந்தும் தொலைபேசியிலும் கேட்கும் கேள்விகளில், திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்து எழுதியிருக்கிறேன். கண் மை தீட்டுவது எப்படி, கொண்டை போடுவது எப்படி என்பவை இதில் இல்லை. அவற்றைக் கையால்தான் கற்க வேண்டும். கற்ற கையோடு இந்த ஊரில் ஒரு பெயரை எப்படி உண்டாக்குவது, அந்தப் பெயரை எப்படிக் காப்பது என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

தொழில்சார் அடையாளம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலான பிள்ளைகள் முதலில் கேட்பது சின்னம், பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்ட் ஆகியவற்றைப் பற்றித்தான். அவை வேண்டியவையே, ஆனால் உவர்மலையில் இருக்கும் ஒரு தாய், பாலையூற்றில் இருக்கும் தன் தங்கையிடம் "உன்ர மகளுக்கு ஆர் வெளிக்கிடுத்தினது?" என்று கேட்கும்போது அந்தத் தங்கை உங்களைப் பற்றிச் சொல்லும் இரண்டு வாக்கியங்கள்தான் உங்கள் அடையாளம். "சொன்ன நேரத்துக்கு வந்தவ, பிள்ளையின்ர முகம் பிள்ளையின்ர முகமாவே இருந்தது" என்று அவர் சொன்னால் உங்களுக்கு ஓர் அடையாளம் உண்டாகிவிட்டது. "வடிவா இருந்தது" என்று மட்டும் சொன்னால் இன்னும் உண்டாகவில்லை என்றே நான் எண்ணுகிறேன். வடிவாகச் செய்பவர்கள் இந்த மாவட்டத்தில் பலர் இருக்கிறார்கள். ஆகவே அந்த இரண்டு வாக்கியங்கள் எவையாக இருக்க வேண்டும் என்று முதலில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னர் வரும் ஒவ்வொரு முடிவையும், எந்த வேலையை ஏற்பது, என்ன கட்டணம் கேட்பது, எந்தப் படத்தை வெளியிடுவது என்பதையெல்லாம், அவற்றோடு பொருத்திப் பாருங்கள்.

வருகிற எல்லா வேலையையும் ஏற்கலாமா, அல்லது ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டுமா?

முதல் ஆண்டில் பலவற்றையும் செய்து பார்ப்பது நல்லது. ஏனென்றால் இந்த ஊரில் வேலையின் வகைகள் மிக அதிகம். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் ஒரு இந்துத் திருமணம், கிண்ணியாவில் ஒரு நிக்காஹ், தேவாலயத்தில் ஒரு திருமணம், சாமத்தியச் சடங்கு, பரதநாட்டிய அரங்கேற்றம், கந்தளாய்ப் பக்கத்தில் ஒசரி உடுத்தும் சிங்கள மணப்பெண், உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வெளிநாட்டவரின் கடற்கரைத் திருமணம் என்று ஒரே ஆண்டில் எல்லாம் வரக்கூடும். 2009 ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அங்கே ஒரு வேலைக்குப் போவதென்றால் பாதை எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து கடக்க வேண்டும். இப்போது பெட்டியை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே போய்ச் சேரலாம்.

ஆனால் ஒவ்வொரு சமூகத்தின் திருமணத்துக்கும் தனியான அறிவு வேண்டும். நிக்காஹுக்கு ஹிஜாப் சுற்றும்போது ஊசி எங்கே குத்தினால் துணி வழுக்காது, எங்கே குத்தினால் மணப்பெண்ணுக்குத் தலை வலிக்கும் என்பது, சடை பின்னத் தெரிந்த கைக்குத் தானாக வந்துவிடாது. இந்துத் திருமணத்தில் கூறை மாற்றும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணப்பெண் ஒரு சேலையோடு மணவறைக்கு வருகிறார். கூறையைத் தட்டில் வைத்துச் சபையோரிடம் ஆசி பெற்றுக் கையில் கொடுத்ததும், அவர் உள்ளே போய் அதை உடுத்துத் திரும்ப வேண்டும். அதன் பின்னரே தாலி. முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது. எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் மாலையைக் கழற்ற வேண்டும், சடைநாகம் சிக்காமல் முதற் சேலையை அவிழ்க்க வேண்டும், ஒருநாளும் தண்ணீர் படாத விறைப்பான பட்டைக் கொசுவி எடுக்க வேண்டும், ஓமப் புகையில் கலங்கிய கண்ணைத் துடைக்க வேண்டும், ஒட்டியாணத்தைத் திரும்பப் பூட்ட வேண்டும். ஒரு மாமா கதவைத் தட்டி "ஐயர் கேக்கிறார், முடிஞ்சுதோ?" என்பார். கதவு தட்டப்படும்போது என் கை நடுங்காமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றே: முதற் சேலைக்கு எத்தனை ஊசி குத்தினேன், எங்கெங்கே குத்தினேன் என்பது எனக்குத் தெரியும், பதினான்கு குத்தினால் பதினான்கையும் எடுத்து மணிக்கட்டில் கட்டியிருக்கும் பஞ்சுப் பட்டியில் குத்திய பின்னர்தான் சேலையை இழுப்பேன். ஒரு ஊசி மிஞ்சியிருந்தால் பட்டு கிழியும்.

இந்த இருபது நிமிடத்தை உங்களால் பதற்றமின்றிச் செய்ய முடியுமென்றால், இந்துத் திருமணங்களை உங்கள் முதன்மை வேலையாகச் சொல்லிக்கொள்ளலாம். எது உங்கள் கைக்கு இப்படி அமைகிறதோ அதை முன்னிறுத்துங்கள். மற்றவற்றை ஏற்கலாம், ஆனால் முன்னிறுத்த வேண்டாம். இரண்டாம் ஆண்டின் முடிவிலாவது இந்தத் தெரிவைச் செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

சான்றிதழ் இல்லாமல் தொழில் செய்ய முடியாதா?

செய்பவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் தேசிய தொழில் தகைமை, அதாவது நாம் என்.வி.கியூ என்று சொல்வது, பெற்று வைப்பது பயனுள்ளது. அதில் ஏழு மட்டங்கள் உள்ளன. சிகை அலங்காரம், அழகுக்கலை ஆகியவற்றில் பெரும்பாலோர் பெறுவது மூன்றாம், நான்காம் மட்டங்களை. ஏற்கெனவே ஒரு சலூனில் அக்கா ஒருவரிடம் நின்று கற்றவர்கள் மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்து காட்டி, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் சான்றிதழ் பெறலாம். விடுதிகள் வேலைக்கு எடுக்கும்போதும், வெளிநாட்டுக்குப் போக எண்ணும்போதும் இது கேட்கப்படும். ஒரு வாரத்தில் முடியும் பயிற்சிகள் தரும் அழகிய சட்டம் போட்ட சான்றிதழ்களுக்குப் பணம் கொடுக்குமுன், அது தேசிய தொழில் தகைமையோடு இணைந்ததா என்று கேளுங்கள். என் தெருவில் ஒரு பிள்ளை தன் சங்கிலியை அடகு வைத்து அப்படியொரு பயிற்சிக்குப் போய், பின்னர் அந்தத் தாளால் எந்தப் பயனுமில்லை என்று அறிந்து அழுதது எனக்கு இன்றும் வருத்தம்.

தொழிலுக்கு என்ன பெயர் வைப்பது? பதிவு செய்ய வேண்டுமா?

உங்கள் சொந்தப் பெயரிலேயே நடத்துவதை நான் விரும்புகிறேன். மக்கள் கூப்பிடுவது உங்களைத்தான். புனைபெயர் வைப்பதானால் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பாருங்கள். மூன்று எழுத்திலும் ஒரேமாதிரி வாசிக்கப்படாத பெயர் இந்த ஊருக்குப் பொருந்தாது.

வியாபாரப் பெயரைப் பதிவதற்கு உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். வங்கியில் தொழிற் கணக்குத் திறக்கவும் கடன் கேட்கவும் அந்தப் பதிவு உதவும். ஆனால் பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் ஒன்று உண்டு: வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் உங்களுக்கு மட்டும் சொந்தமாகிவிடுவதில்லை. பெயருக்கோ சின்னத்துக்கோ அப்படியான உரிமை வேண்டுமானால் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வணிகக் குறியாகப் பதிய வேண்டும். அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். தொடக்கத்திலேயே இது தேவையில்லை. சொந்த இடத்தில் அழகு நிலையம் திறப்பதாக இருந்தால் உள்ளூராட்சி சபையின் அனுமதியையும் கேட்டறியுங்கள்.

இன்னும் ஒரு மணப்பெண்ணுக்கும் செய்யவில்லை. படத்தொகுப்பை எப்படி உருவாக்குவது?

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் ஒரே வயதுடைய, ஒரே நிறமுடைய, மூன்று சிநேகிதிகளுக்குச் செய்து முப்பது படம் போடுவதில் பயனில்லை. பரு உள்ள முகம், ஐம்பது வயது தாண்டிய முகம், கண்ணாடி அணிபவர், சுருள் முடியுள்ளவர், பிரசவத்தின் பின் முடி கொட்டியவர், நல்ல கருமையான நிறமுடையவர் என்று ஏழெட்டுப் பேருக்குச் செய்யுங்கள். படம் பார்க்கும் ஒரு பெண் தன்னைப் போன்ற ஒருத்தியை அதில் தேடுகிறாள், கண்டுகொண்டால்தான் அழைப்பாள்.

ஒவ்வொருவரையும் மூன்று வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள்: காலை வெயில் நேரடியாக விழாத வாசற்படியில், வீட்டு விளக்கின் கீழ், இருட்டில் ஃப்ளாஷ் போட்டு. இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. என் இரண்டாவது திருமணத்தில் மணப்பெண்ணுக்குச் சூரிய ஒளித் தடுப்பு உள்ள பவுண்டேஷனைப் பூசி, அதன்மேல் சிலிக்கா நிறைந்த வெள்ளைப் பவுடரைத் தாராளமாகப் போட்டேன். கண்ணாடியில் அழகாகத்தான் இருந்தது. மறுவாரம் படங்களைப் பார்த்தபோது முகம் மட்டும் மாவு பூசியதுபோல் வெளுத்தும், கழுத்து இயல்பான நிறத்திலும் இருந்தன. டைட்டேனியம் டைஆக்சைட், சிங்க் ஆக்சைட், சிலிக்கா ஆகியவை ஃப்ளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பெண்ணின் தாயார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து அடுத்த இரு பெண்பிள்ளைகளின் வேலையும் எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து எந்தப் புதிய பொருளையும் முதலில் என் முகத்தில் பூசி, இருட்டறையில் ஃப்ளாஷ் போட்டு எடுத்துப் பார்த்த பின்னரே பெட்டியில் வைக்கிறேன்.

கைப்பேசியின் அழகூட்டும் வடிகட்டிகளை ஒரு படத்தில்கூடப் பயன்படுத்த வேண்டாம். தோலின் நுண்துளைகள் தெரியும் ஒரு படம், பொம்மைபோல் வழவழக்கும் பத்துப் படங்களைவிட நம்பிக்கை தரும். மணப்பெண் அந்த வழவழப்பை எதிர்பார்த்து வந்து, நேரில் அது கிடைக்காதபோது உங்களைத்தான் பொய்யர் என்று நினைப்பார்.

வாடிக்கையாளரின் படங்களைப் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் போடலாமா?

கேட்காமல் போடக் கூடாது. திருமணப் பரபரப்பில் "போடட்டோ?" என்று கேட்டு, அவர் தலையசைத்தால் அது அனுமதி ஆகாது. முற்பணம் வாங்கும் நாளிலேயே, எந்தப் படம், எந்தத் தளத்தில், முகம் தெரியலாமா, பெயர் போடலாமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரு வட்ஸ்அப் செய்தியும் போதும். பின்னொரு நாள் அவர் எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிடுங்கள்.

முஸ்லிம் மணப்பெண்கள் பலர் முகம் தெரியும் படத்தை விரும்புவதில்லை. அவர்களுக்கு வேலை செய்யும்போது கைப்பேசியை வெளியில் எடுக்காமலே இருப்பது என் வழக்கம். "அந்த அக்கா போனையே தொடமாட்டா" என்ற பேச்சுத்தான் கிண்ணியாவில் எனக்கு அதிக வேலையைக் கொண்டுவந்தது. மருதோன்றி வைத்த கைகள், ஹிஜாபின் பின்புற மடிப்பு, மேசையில் வைத்த நகைகள் ஆகியவற்றை அனுமதியுடன் எடுத்தாலே உங்கள் வேலையின் தரம் தெரிந்துவிடும்.

சாமத்தியச் சடங்குப் பிள்ளைகளின் முகத்தை, பெற்றோர் விரும்பிக் கேட்டாலும், நான் பொதுவில் போடுவதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் ஒரு சொல் இருக்க வேண்டும். அந்தச் சொல்லைத் துணிந்து சொல்லும் வயது அதற்கு இல்லை. பூச்சடையைப் பின்னாலிருந்து எடுத்துப் போடுகிறேன். இதனால் எனக்குக் குறைந்த விருப்பக் குறிகள் வந்திருக்கலாம். அதைப் பற்றி நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

"கொஞ்சம் வெள்ளையாக விடுங்கோ" என்று கேட்டால் என்ன சொல்வது?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். பெரும்பாலும் மணப்பெண் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கும் சித்தியோ மாமியோ கேட்பார்கள். அவர்களை எதிர்த்துப் பேசுவது உங்கள் வேலை அல்ல. பேசாமல் கேட்டபடி செய்வதும் சரியல்ல.

நான் செய்வது இதுதான். ஒத்திகைக்கு வரும் நாளில் மணப்பெண்ணின் தாடை ஓரத்தில் மூன்று கோடு போடுவேன்: அவருடைய நிறம், அதைவிட ஒரு படி வெளுத்தது, இரண்டு படி வெளுத்தது. பின்னர் அவரைச் சித்தியோடு வாசலுக்கு அழைத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் கண்ணாடியைக் கையில் கொடுப்பேன். வெளுத்த கோடு அங்கே சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். சொந்த நிறக் கோடு தெரியவே தெரியாது. "இந்தக் கோடு எங்கே அன்ரி, காட்டுங்கோ பாப்பம்" என்று கேட்டதும், சித்தி தேடிவிட்டுச் சிரிப்பார். அதன் பின் வாதமே தேவையில்லை. கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தை வெளுத்த கன்சீலரால் மூடப் பார்த்தாலும் இதே சாம்பல் நிறம்தான் வரும். மாநிறத்துக்கும் கருமைக்கும் செம்மஞ்சள் திருத்தியை மெல்லப் பூசிவிட்டு, அதன்மேல் தோலின் நிறத்தைப் பூச வேண்டும். நம் பெண்களின் முகத்துக்கு ஏற்ற நிறங்களைக் கலந்து எடுக்கத் தெரிந்தவர் என்ற பெயர், இந்த ஊரில் ஒருவர் பெறக்கூடிய மிக நல்ல பெயர் என்று நான் மனமார நம்புகிறேன்.

பெயர்ச்சீட்டு இல்லாத வெண்மையாக்கும் கிறீம்களை ஒருபோதும் பரிந்துரைக்கவோ விற்கவோ வேண்டாம். அவற்றில் பாதரசம் கலந்திருக்கக்கூடும். அது தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிலவற்றில் ஸ்டீராய்ட் இருக்கும்; சில வாரம் முகம் பளபளக்கும், பின்னர் தோல் மெலிந்து சிவக்கும். திருமணத்துக்கு ஆறு மாதம் முன்பே இவ்வாறான கிறீமை நம்பிப் பூசி, முகம் எரிகிறது என்று வந்த பெண்கள் உண்டு. அவர்களுக்கு ஒப்பனையால் உதவப் பார்க்காமல், தோல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்?

பெட்டி பெரிதாக இருப்பதைவிடச் சுத்தமாக இருப்பது முக்கியம். வீட்டுக்காரர்கள் பிராண்டைக் கவனிப்பதைவிட உங்கள் கையைத்தான் கவனிக்கிறார்கள். முதலில் கையைக் கழுவுங்கள். அவர்கள் பார்க்கும்படி கழுவுங்கள்.

உதட்டுச் சாயத்தை நேராக உதட்டில் பூசாமல், கத்திபோன்ற சிறு தகட்டால் சுரண்டித் துருவேறா உருக்குத் தட்டில் வைத்துத் தூரிகையால் பூச வேண்டும். மஸ்காராவுக்கு ஒருவருக்கு ஒரு தூரிகை, பயன்படுத்தியதும் எறிய வேண்டும். ஒருமுறை கண்ணைத் தொட்டதைத் திரும்பக் குப்பிக்குள் விடக் கூடாது. மைப் பென்சிலைச் சீவிவிட்டுத்தான் அடுத்தவருக்கு. கத்தரி, இமை வளைப்பான், தட்டு ஆகியவற்றை 70 சதவீத அல்ககோலால் துடையுங்கள். கிட்டத்தட்டத் தூயதான அல்ககோல் உடனே ஆவியாகிப் போய்விடும், 70 சதவீதத்தில் உள்ள தண்ணீர்தான் அது நின்று வேலை செய்ய உதவுகிறது. தூரிகைகளைக் கழுவியபின் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் பிடிக்குள் இறங்கிப் பசை விட்டுப்போகும். நிழலில் படுக்கவைத்து உலர்த்துங்கள். திறந்த குப்பியின் படமும் 12 என்ற எண்ணும் பொருளில் அச்சிட்டிருந்தால், திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் வைத்திருக்கலாம் என்று பொருள். திறந்த தேதியை அடியில் ஒட்டிவையுங்கள். மஸ்காராவை மூன்று மாதத்தில் மாற்றிவிடுவேன். நம் ஊர் வெக்கையில் பொருட்களை வாகனத்துக்குள் விட்டுப்போவது அவற்றைப் பாழாக்கும்.

முடிச் சாயம் பூசுவதற்கு 48 மணித்தியாலம் முன்பு காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிச் சோதிக்க வேண்டும். சாயத்திலும், கடைகளில் விற்கும் கறுப்பு மருதோன்றியிலும் உள்ள பி.பி.டி என்ற பொருள் சிலருக்குக் கொப்புளமும் வடுவும் உண்டாக்கும். இலையை அரைத்த மருதோன்றி கறுப்பாகப் பிடிக்காது. பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கிறதென்றால் அதைத் தொட வேண்டாம்.

கனடாவில் இருக்கும் உறவினர் அனுப்பும் முடி சுருட்டும் கருவியைப் பற்றியும் ஒரு சொல். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். கருவியின் பிடியில் இரண்டையும் உள்ளடக்கிய எண் எழுதப்படாவிட்டால், செருகியவுடன் கருகும். மணப்பெண்ணின் முடியோடு சேர்ந்து கருகினால் என்னாவது என்று எண்ணிப் பாருங்கள்.

கடற்காற்றிலும் வியர்வையிலும் ஒப்பனையும் கொண்டையும் நிற்க என்ன செய்வது?

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்று தோலை உலர்த்தும், ஒக்டோபருக்குப் பிந்திய மழைக்காலம் முடியைத் தொய்யவைக்கும். ஒரே முறையை ஆண்டு முழுவதும் பின்பற்ற முடியாது. கச்சானில் ஈரப்பசை தரும் கிறீம் நன்கு ஊறிய பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். இல்லாவிட்டால் மூக்கோரம் வெடிக்கும். மழைக்காலத்தில் மெல்லிய படலமாக இரண்டு முறை பூசுவது, தடிப்பாக ஒருமுறை பூசுவதைவிட நிற்கும்.

சூட்டால் சுருட்டிய முடி, ஆறும்போதுதான் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. காற்றிலுள்ள ஈரம் ஏறினால் அதே வடிவத்தை விட்டுவிடுகிறது. ஆகவே சுருட்டியதை உடனே தொங்கவிடாமல், உருட்டிக் கிளிப் குத்தி முழுதும் ஆறவிடுங்கள். கடற்கரைத் திருமணத்துக்கு விரித்த கூந்தலைக் கேட்கும் பெண்ணிடம், டச்சு விரிகுடாவில் மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை முடியை விரித்துவிட்டு நின்று பார்க்கச் சொல்வேன். கிளிப்பின் நெளிந்த பக்கம் தலைப்பக்கமாக இருந்தால்தான் முடியைப் பிடிக்கும். பயிற்சி பெற்றவர்களே இதைத் தலைகீழாகக் குத்துவதைக் கண்டிருக்கிறேன். சடைநாகம் பாரமானது. அதைச் சடையின் நுனியை நம்பிக் கட்டாமல், உச்சியில் சிறு பின்னலொன்றை அடித்தளமாகப் பின்னி அதில் கட்டினால் பாரம் பரவும், மணப்பெண்ணுக்குக் கழுத்து நோகாது. கரையோரக் கிணறுகள் சிலவற்றின் தண்ணீர் உவர்ப்பானது. முதல்நாள் தலை முழுகுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எவ்வளவு கட்டணம் கேட்பது?

மற்றவர் கேட்பதைவிட ஆயிரம் ரூபா குறைத்துக் கேட்பதுதான் புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. உங்கள் செலவை நீங்களே கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, 30 மில்லிலீற்றர் பவுண்டேஷன் 9000 ரூபா என்றும், ஒரு முகத்துக்கு ஒரு மில்லிலீற்றர் போகிறதென்றும் வைத்துக்கொண்டால், அந்த ஒரு பொருளுக்கு மட்டும் முகமொன்றுக்கு 300 ரூபா. இப்படி ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்டுங்கள். பின்னர் நேரத்தைக் கணக்கிடுங்கள்: ஒத்திகைக்கு இரண்டு மணித்தியாலம், திருமண நாளில் விடியற்காலை மூன்று மணி முதல் கூறை மாற்றி முடியும் வரை, போய்வரும் நேரம், வீட்டுக்கு வந்து தூரிகை கழுவும் ஒரு மணித்தியாலம். இத்தனையையும் கூட்டிய பிறகு நீங்கள் கேட்க நினைத்த தொகை நாட்கூலிக்கும் குறைவாக இருப்பதைக் காண்பீர்கள். போக்குவரத்தைத் தனியாகச் சொல்லுங்கள். மூதூருக்கும் சாம்பல்தீவுக்கும் ஒரே செலவு ஆகாது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் இல்லை, நோன்பு மாதத்தில் நிக்காஹ் வேலை வருவதில்லை. மற்ற மாதங்களின் வருமானம்தான் அந்த மாதங்களையும் தாங்க வேண்டும்.

உறவினருக்கு இலவசமாகச் செய்ய விரும்பினால் அதை அன்பளிப்பு என்று சொல்லியே செய்யுங்கள். பாதி விலைக்குச் செய்தால் அந்தப் பாதிதான் ஊரில் உங்கள் விலையாகிவிடும்.

முற்பணம் வாங்குவது மரியாதையாக இருக்குமா?

இருக்கும். நாள், நேரம், இடம், எத்தனை பேர், எவ்வளவு தொகை, நாள் மாறினால் என்ன, நின்றுபோனால் என்ன என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். செத்த வீடு காரணமாகத் திருமணம் தள்ளிப்போனால் முற்பணத்தைப் புதிய நாளுக்கு அப்படியே மாற்றிக் கொடுங்கள்.

வேறு கலைஞர் செய்த அலங்காரத்தின் படத்தைக் காட்டி அதே மாதிரி கேட்டால்?

செய்யலாம். ஆனால் அந்தப் படத்தை உங்கள் பக்கத்தில் உங்களுடையதுபோல் போடக் கூடாது. திருகோணமலை சிறிய ஊர். படம் எடுத்தவரும், அலங்காரம் செய்தவரும், மணப்பெண்ணின் ஒன்றுவிட்ட சகோதரியும் ஒரே வட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள்.

திருமணத்தன்று எனக்கு நோய் வந்துவிட்டால் என்ன செய்வது?

இதைத் தொழில் தொடங்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும். கண்ணோயோடு ஒரு மணப்பெண்ணின் கண்ணருகே உட்காரவே கூடாது. காய்ச்சலோடும் போகக் கூடாது. உங்களைப் போலவே வேலை செய்யும் ஒருவரோடு முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளுங்கள். எனக்கு அப்படி ஒரு தோழி இருக்கிறார். மற்றவர்கள் எங்களைப் போட்டியாளர் என்று நினைக்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் மூன்று முறை அவர் எனக்காகப் போயிருக்கிறார், நான் இரண்டு முறை அவருக்காகப் போயிருக்கிறேன். பணம் போனவருக்கே, மணப்பெண்ணின் அடுத்த அழைப்பு முதலில் ஏற்றவருக்கே என்று பேசி வைத்திருக்கிறோம்.

இது நடப்பதற்கு ஒரு கொப்பி வேண்டும். ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் ஒரு பக்கம்: எந்த இரண்டு நிறங்களை எந்த அளவில் கலந்தேன், எந்தப் பொருள் ஒவ்வாது, முடியின் நீளம், சவுரி தேவையா, எந்தப் பக்கம் வகிடு, கூறையின் நிறம், எத்தனை மணிக்கு முகூர்த்தம், வீட்டில் யாரிடம் பேச வேண்டும். ஒத்திகை முடிந்த இரவே அதை எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தோழிக்கு அனுப்பிவிடுவேன். சென்ற ஆவணியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, அதிகாலை இரண்டரை மணிக்கு அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "முதற் சேலைக்கு எத்தனை ஊசி?"